கருவியை எங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் வையுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கனிமவளத் துறை உதவி இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

கல்குவாரி வெடியால் வீடுகள் அதிர்ந்து சுவர் விரிசல் விடுவது பற்றிய எங்கள் மனுவுக்குப் பதில் வந்தது. “அதிர்வு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது.” நன்றி. எங்கே அளந்தது, அளந்த அன்று ஒரே நேரத்தில் எத்தனை கிலோ வெடிமருந்து வெடித்தது என்ற இரண்டு விவரமும் அதில் இல்லை. இவை இல்லாத அதிர்வு அறிக்கை, எடைக்கல் இல்லாத தராசு.

வரம்பு எங்களுக்கும் தெரியும். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளுக்கு, அதிர்வெண், அதாவது நிலம் விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பது, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் நிலம் அதிரும் வேகம் விநாடிக்கு 5 மில்லிமீட்டர் வரை. 8 முதல் 25 வரை 10. அதற்கு மேல் 15. அளக்க வேண்டிய இடம் வீட்டின் அஸ்திவார மட்டம். அதிர்வு அளக்கும் கருவியை வைத்ததோ குவாரிக்கு மறுபக்கம், எடைமேடை அலுவலகத்தின் டைல்ஸ் தரையில். அந்த அலுவலகம் பத்திரமாக இருப்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான்.

அலுவலகம் நிற்பது பாறைமேல். எங்கள் வீடுகள் மண்மேல். பாறையில் விறுவிறுவென்று வரும் அலை, மண்ணில் ஏறியதும் அதிர்வெண் குறைந்து, ஆட்டத்தின் வீச்சு கூடும். ஓரிரு தளமுள்ள வீடு தானாக ஆடும் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 4 முதல் 12 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒத்துப்போனால் அஸ்திவாரத்தைவிடச் சுவர் பல மடங்கு ஆடும். தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு 5 என்ற கடுமையான வரம்பு வைத்ததே அதனால்தான்.

அடுத்தது வெடிமருந்து. வெடித்த மொத்த மருந்தைவிட, ஒரே டிலேயில் (குழிகளை மில்லிவிநாடி இடைவெளி விட்டு வெடிக்க வைக்கும் தாமத எண்) எவ்வளவு வெடித்தது என்பதுதான் வீட்டுக்கு முக்கியம். 8 மில்லிவிநாடிக்குள் வெடிக்கும் குழிகளை ஒரே வெடியாகத்தான் கணக்கில் கொள்வார்கள். குழிக்கு 40 கிலோ, 300 மீட்டர் தூரம், கணக்குக்கு வழக்கமாக எடுக்கும் சராசரிப் பாறை என்று வையுங்கள். ஒவ்வொரு குழியும் தனித்தனி டிலேயில் போனால் வீட்டருகே அதிர்வு விநாடிக்குச் சுமார் 2.4 மில்லிமீட்டர். மூன்று குழியை ஒரே டிலே நம்பரில் கட்டிவிட்டால் 5.7. குழி அதேதான், மலையும் அதேதான். டிலே மிச்சம் பிடித்ததில் 5 என்ற வரம்பு தாண்டிவிடுகிறது. ஆய்வு நாளில் ஜாக்ஹாம்மர் என்ற கைத்துளைக் கருவி போட்ட சின்னக் குழிகள் நாலைந்து வெடித்தன. மற்ற நாட்களில் நான்கு அங்குலக் குழிகள். சங்கு ஊதியதும் தொட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும் பெண்களுக்கு இந்த வித்தியாசம் கருவி இல்லாமலே தெரியும்.

எல்லா விரிசலும் வெடியால் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. மேல்தளம் உட்காரும் இடத்தில் படுக்கையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது. கோடையில் திறந்து மழையில் மூடுவது கரிசல் மண்ணின் வேலை. ஜன்னல் கண்ணாடி கடகடப்பதும் பல நேரம் வெடியின் காற்றழுத்தம்தான். நில அதிர்வு அதற்குக் காரணமல்ல. ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, வெடிக்கு வெடி நீளும் விரிசலை “கலவை சரியில்லை” என்று ஒரே வரியில் தள்ள முடியாது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஜிப்சத்தில் ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். செலவு ஒரு டீ, வடை. குத்தகை கொடுக்கும் முன்பே வீடு வீடாகப் படம் எடுத்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை. இப்போது நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் வீட்டுக்காரர் தலையில்.

எங்கள் மலை எம்சாண்டாகி யார் யார் வீட்டுக்கோ கான்கிரீட்டாகிறது. நான்குவழிச் சாலைக்கும் ஜல்லியாகப் போகிறது. எங்கள் தெருவுக்கு மட்டும் லாரிப் புழுதி. கிராமசபைத் தீர்மானங்களை அடுக்கினால் அதிலேயே ஒரு சுவர் கட்டலாம், அந்தச் சுவராவது விரிசல் விடாமல் நிற்கும். மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம்.

கருவியை எங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் வையுங்கள். குவாரியைப் பார்த்த சுவரிலிருந்து 3 மீட்டருக்குள், கிளறாத மண்ணில் குழிதோண்டிப் புதைத்து, மேலே மண்ணைக் கெட்டிக்க வேண்டும். டைல்ஸ் தரையில் சும்மா வைத்தால் கருவி நழுவலாம், பதிவு பொய்யாகலாம். கருவி பதியத் தொடங்கும் அளவு விநாடிக்கு 0.5 மில்லிமீட்டராக இருக்கட்டும். அதை உயர்த்தி வைத்துவிட்டு “அதிர்வே பதிவாகவில்லை” என்று எழுத வேண்டாம். முன்னறிவிப்பு இல்லாத சாதாரண வெடி நாளில் வாருங்கள். ஒவ்வொரு வெடிக்கும் குழி எண்ணிக்கை, ஆழம், குழிக்கு எத்தனை கிலோ, டிலே நம்பர், நேரம் ஆகியவற்றை எழுதி, அதிர்வுப் பதிவோடு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அதுவரை பெரிய குழி வெடியை நிறுத்திவைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

குழிதோண்ட மண்வெட்டி எங்களிடமே இருக்கிறது. தாங்கள் கருவியோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
குவாரிக்குக் கிழக்கே குடியிருப்போர்