கணக்கெடுக்க முடியாத இழப்பு

அன்புள்ள மாலதி,

அப்பா போனை எடுத்துவிட்டு, யாரிடம் பேச எடுத்தோம் என்று தெரியாமல் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு உடனே பதில் எழுத வரவில்லை.

“ஸ்கேனில் மூளை லேசாகத்தான் சுருங்கியிருக்கிறது என்கிறார்கள், அப்புறம் ஏன் இவ்வளவு மறதி?” என்று கேட்டிருந்தாயே. எம்ஆர்ஐ காட்டுவது மூளையின் வடிவத்தையும் அளவையும். ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசும் இடமான சினாப்ஸ் அதில் தெரியாது. அல்சைமர் என்கிற மறதி நோயோடு இறந்தவர்களின் மூளையில் சினாப்ஸ்களை அளந்து பார்த்து, மறதியோடு நெருக்கமாக ஒத்துப்போவது அமிலாய்டு என்ற புரதப் படிவத்தைவிட சினாப்ஸ் இழப்புதான் என்று மூளை ஆராய்ச்சியாளர் ராபர்ட் டெர்ரியின் குழு 1991இலேயே சொல்லிவிட்டது. ஆனால் இறந்த பிறகு எண்ணி என்ன பயன்?

இப்போது உயிரோடு இருக்கும்போதே ஓரளவு பார்க்க முடிகிறது. சினாப்ஸ் நுனியிலுள்ள நுண்பைகளில் எஸ்வி2ஏ என்றொரு புரதம் இருக்கிறது. அதில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது எங்கே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். யேல் பல்கலைக்கழகக் குழு 2018இல் ஆரம்ப நிலை அல்சைமர் நோயாளிகள் 10 பேரையும் நல்ல நினைவுள்ள 11 பேரையும் ஒப்பிட்டது. நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸில் நோயாளிகளுக்கு அந்த மருந்தின் சமிக்ஞை சுமார் 40 சதவீதம் குறைவு. மூளை சுருங்கியதால் வரும் பிழையைத் திருத்திய பிறகும் அந்தக் குறைவு நின்றது. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: மிச்சமிருக்கும் திசுவிலும் இணைப்புகள் போய்க்கொண்டிருக்கின்றன. உன் கேள்விக்குப் பதிலும் அநேகமாக இதுவே.

அந்த மருந்தின் பாடுதான் பெரிய கூத்து. அதிலுள்ள கார்பன்-11 இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். பக்கத்திலேயே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இருந்தால்தான் காரியம் நடக்கும். இன்னொரு வேடிக்கை, வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிட்டாம் உட்காருவதும் இதே புரதத்தில்தான். அதைச் சாப்பிடுகிறவருக்கு இந்த ஸ்கேன் எடுத்தால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த கதைதான். ஸ்கேன் மருந்துக்கு சீட் கிடைக்காது.

சினாப்ஸை நேராக எண்ணுவதாகவும் நினைத்துவிடாதே. விளக்கு எரியும் வீடுகளை வைத்து ஆள்கணக்குப் போடுகிற மாதிரிதான். ஆனாலும், புது மருந்து இணைப்புகளைக் காக்கிறதா என்று சோதிக்கிறவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

அப்பாவுக்கு இதை எடுக்கச் சொல்லி யாரையும் கேட்டு அலையாதே. இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, எடுத்தாலும் அவர் சிகிச்சை மாறாது. பி12, தைராய்டு, காது கேட்கும் திறன், மூன்றையும் பார்த்தார்களா என்று மட்டும் கேள்.

அன்றைக்கு யாரைக் கூப்பிடப் போனை எடுத்தாராம், பிறகு நினைவு வந்ததா?

உன்,
கௌரி