குர்சுராவில் கைகொடுத்த பெரியவருக்கு நன்றி

விசாகப்பட்டினத்தில் 'ஐஎன்எஸ் குர்சுரா' நீர்மூழ்கி அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டிய ஓய்வுபெற்ற கடற்படை வீரருக்கு, பாம்பனிலிருந்து எங்கள் குடும்பத்தின் நன்றி. நம் உச்சிப்புளி 'ஐஎன்எஸ் பருந்து' கடற்படை விமானத் தளத்தில் பணியாற்றியவராம். எங்கள் பேச்சைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டார்.

அப்பா சங்கு குளித்தவர். இப்போது முழங்கால் வலி. அறைக்கு அறை உள்ள வட்டக் கதவில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று காட்டி, அப்பாவின் தலை இடிக்காமல் இரும்பு விளிம்பில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். 1969 முதல் 2001 வரை கடற்படையில் இருந்த கலம் அது. டீசல் இயந்திரத்துக்குக் காற்று வேண்டும், ஆழத்தில் மின்கலம்தான் என்று அவர் விளக்கியபோது, மூச்சடக்கிப் பிழைத்த அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஐயா, பெயர் கேட்பதற்குள் அடுத்த கூட்டத்தோடு போய்விட்டீர்கள். பாம்பன் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.