கஹானே: தடுத்த சட்டமும் திறந்த கதவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

1985 சட்டத் திருத்தத்தோடு, இஸ்ரேலின் தீவிர வலதுசாரித் தலைவர் மெயிர் கஹானேயின் அரசியல் முடிந்துபோனது என்கிறது தங்கள் கட்டுரை. முடிந்தது அவருடைய தேர்தல் வாழ்க்கைதான்.

புரூக்ளினில் 1932-இல் பிறந்த இந்த ரபி (யூத மதகுரு), 1971-இல் இஸ்ரேலில் குடியேறி ‘காஹ்’ கட்சியைத் தொடங்கினார். அரபு மக்களை வெளியேற்றுவதே கட்சியின் கொள்கை. மூன்று தேர்தல்களில் தோற்றவருக்கு 1984-இல் 25,907 வாக்குகள், அதாவது 1.2%, கிடைத்தன. அன்று இஸ்ரேல் நாடாளுமன்ற அவைக்குள் நுழைய 1% வாக்கு போதும் என்பதால் 120 இடங்களில் ஒன்று அவருக்கு வந்தது. அந்தத் தேர்தலிலேயே தேர்தல் குழு அவரைத் தடுத்துப் பார்த்தது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கவே, இனவெறியைத் தூண்டும் கட்சியின் வேட்பாளர் பட்டியலைத் தேர்தலிலிருந்து விலக்கும் 7ஏ பிரிவு 1985-இல் சேர்க்கப்பட்டது. 1988-இல் அதன்படி காஹ் விலக்கப்பட்டது. 1990 நவம்பரில் மன்ஹாட்டனில் கஹானே சுட்டுக் கொல்லப்பட்டார். 1994-இல் காஹ் ஆதரவாளர் பாரூக் கோல்ட்ஸ்டீன் ஹெப்ரானில் தொழுகையிலிருந்த 29 பேரைக் கொன்ற பிறகு, கட்சியே பயங்கரவாத அமைப்பாகத் தடை செய்யப்பட்டது.

கட்டுரை தொடாத இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 7ஏ பிரிவுக்கு அழுத்தமான சான்று வேண்டும். பேச்சை அளந்து பேசக் கற்றவர் தப்பிவிடுவார். 2019-இல் கஹானேயின் வழிவந்த இருவரில் மைக்கேல் பென் அரியை நீதிமன்றம் தடுத்தது, இதாமர் பென் க்விரை விட்டுவிட்டது. இத்தனைக்கும் பென் க்விர் இனவெறித் தூண்டலுக்காக 2007-இல் தண்டிக்கப்பட்டவர். கோல்ட்ஸ்டீனின் படத்தை வீட்டில் மாட்டியிருந்தவர்.

இதைவிட முக்கியம், அவைக்குள் நுழையத் தேவையான வாக்கு வரம்பு. சிறு கட்சிகளைக் குறைக்கவென்று அதைப் படிப்படியாக உயர்த்தி, 2014-இல் 3.25% ஆக்கினார்கள். வரம்பைத் தொடாத கட்சியின் வாக்கு அத்தனையும் வீண். வலதுசாரி வாக்குகள் அப்படி வீணாகக் கூடாது என்று, வலதுசாரி லிக்குட் கட்சியின் தலைவர் நெதன்யாகுவே முன்நின்று கூட்டுப் பட்டியல்களைச் சேர்த்துவைத்தார். 2019 செப்டம்பரில் தனித்து நின்ற பென் க்விர் கட்சிக்குக் கிடைத்தது 1.88%, இடம் ஏதுமில்லை. பழைய 1% வரம்பே இருந்திருந்தால், தீண்டுவாரின்றி இரண்டு இடங்களோடு அவையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. இன்னொரு தீவிர வலதுசாரித் தலைவரான ஸ்மோட்ரிச்சின் பட்டியலில் சேர்ந்ததும் 2021-இல் பென் க்விர் உறுப்பினரானார். 2022-இல் அந்தப் பட்டியலுக்கு 14 இடங்கள். அவற்றில் ஆறு அவர் கட்சிக்கு.

கஹானே பேச எழுந்தால் லிக்குட் உறுப்பினர்களே வெளிநடப்புச் செய்த காலம் உண்டு. அதே லிக்குட் தலைமையிலான அரசில்தான் 2022 டிசம்பரில் பென் க்விர் காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சரானார்.

— வாசகர், திருச்சி