கிளே மிதந்த கதை

அடியே சுமதி,

எப்படி இருக்க? அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கீதா சொன்னா, மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. நீ திட்டி அனுப்பின மூணு மெசேஜும் பாத்துட்டேன், மிச்சத்த நேர்ல திட்டிக்கோ, இப்ப நான் சொல்றத கேளு, யார்கிட்டயாவது கொட்டணும்.

என் கிளாஸ் பசங்களுக்கு அஞ்சு வயசு. ஒரு அகலமான டப்புல தண்ணி ஊத்தி, ஆளுக்கு ஒரு உருண்டை கிளே குடுத்து (தண்ணில கரையாத கிளே, அது முக்கியம்) இத மிதக்க வைங்கன்னு மட்டும் சொன்னேன். உருண்டையா போட்டா முங்குது. ஒருத்தன் பாதிய பிச்சு எறிஞ்சிட்டு சின்னதா போட்டான், அதுவும் முங்குச்சு, அவனால நம்பவே முடியல! இன்னொருத்தி தட்டையா தட்டி, ஓரத்த கட்டவிரலால மேல தூக்கி தூக்கி ஒரு கிண்ணம் மாதிரி கொண்டு வந்தா, மூலைல சின்ன விரிசல், அது வழியா தண்ணி ஏறி முங்கிடுச்சு. அவ அழல. எடுத்து தொடச்சிட்டு அந்த விரிசல மட்டும் நகத்தால அமுக்கிட்டு இருந்தா.

சரியா அந்த நேரத்துல பாக்க வந்திருந்த ஒரு பெரியவங்க குனிஞ்சு, "உள்ள காத்து நின்னா மிதக்கும் பாப்பா"ன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான்டி. மொத்த டப்பும் அமைதியாயிடுச்சு. எல்லாம் "காத்து, காத்து"ன்னு கத்துச்சுங்க, கை நின்னு போச்சு. எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. அதே எடை கிளே விரிஞ்சு நின்னா நெறைய தண்ணிய தள்ளுது, தள்ளின தண்ணியோட எடை அளவுக்கு தண்ணி அத மேல தூக்குது, இதெல்லாம் பின்னாடி படிச்சுக்கும். அந்த வயசுல விரல்ல ஏற வேண்டிய விஷயம் வேற.

டீச்சர் டிரெயினிங்ல பியாஜேவ (குழந்தைங்க எப்படி யோசிக்குதுங்கன்னு ஆராய்ச்சி பண்ணினவரு) உருப்போட்டு எழுதினோமே ஞாபகம் இருக்கா? அகல டம்ளர் தண்ணிய ஒல்லி டம்ளர்ல ஊத்தினா இதுல தான் ஜாஸ்தின்னு நாலு வயசு குழந்தை சத்தியம் பண்ணும், ஏழு வயசு வாக்குல அதுவே மாறிடும். இப்ப தினமும் கண்ணால பாக்கறேன். வாயால திருத்தினா நம்ம முகத்துக்காக தலையாட்டும், அடுத்த டம்ளர்ல மறுபடி அதையே சொல்லும். திரும்ப திரும்ப அதுவே ஊத்தி பாக்கணும்டி, வேற வழி கிடையாது. அதனால நான் கேக்கறது ரெண்டே கேள்வி தான், "என்ன ஆகும்னு நினைக்கற?" அப்புறம் "இப்ப எத மாத்தி பாக்கலாம்?" தப்பா சொன்னாலும் சரி, சொல்லட்டும், தண்ணியே அதுக்கு பதில் சொல்லும்.

உன் பையன் பர்த்டேக்கு எரிமலை பண்ண போறேன்னு எழுதியிருந்தியே, வேணாம்டி ப்ளீஸ். சோடா மாவையும் வினிகரையும் நீ ஊத்துவ, நுரை பொங்கும், பசங்க கை தட்டும், முடிஞ்சுது. நிஜ எரிமலை அப்படி வெடிக்கறதும் இல்ல. அதுக்கு பதிலா ஒரு பலகைய புக்கு மேல சாய்ச்சு கார் உருட்ட விடு. ஒரு புக்கு, அப்புறம் ரெண்டு புக்கு, கீழ தரைல ஒரு துண்டு விரிச்சு பாக்கட்டும், எங்க போய் நிக்கும்னு அதுங்களே கோடு போட்டு சண்டை போட்டுக்கட்டும். நீ வாய மூடிட்டு உக்காரணும், அதான் உனக்கு கஷ்டம், காலேஜ்லயே பாத்தவ நான்.

இது ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன். பசங்களோட சயின்ஸ் கிட்டுல குட்டி குட்டி மணி மாதிரி பவர்ஃபுல் காந்தம் இருந்தா இன்னிக்கே எடுத்து போட்டுடு, சின்னவ எதையும் வாயில வைக்கறா. ரெண்டு முழுங்கிட்டா குடலுக்கு நடுவுல ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு ஓட்டை போட்டுடும், ஆபரேஷன் வரைக்கும் போயிடும். அப்படி முழுங்கிட்டாளோன்னு சந்தேகம் வந்தா கூட காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு. கையில பிடிக்கற அளவு பெரிய காந்தமா வாங்கி குடு, அலுமினியம் ஏன் ஒட்டலன்னு பெரியவன் மண்டைய உடைச்சுக்கட்டும்.

கீதாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. அந்த ஹாஸ்டல் மேட்டர மட்டும் அவகிட்ட கிளறாத.

உன்,
வசந்தி