கார்டு மிஷின்: அந்த ஒற்றைச் சதவீதம் முழுக் கணக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கார்டு மிஷின் விற்க வருபவர்கள் ஒரே ஒரு சதவீதத்தைச் சொல்லி, மொத்தச் செலவே அதுதான் என்பதுபோல் பேசிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சதவீதம்தான் எம்.டி.ஆர்., அதாவது ஒவ்வொரு கார்டு விற்பனையிலும் வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம்; அது மூன்று பேருக்குப் போகும் பணம். பெரும்பங்கு இன்டர்சேஞ்ச் என்ற பெயரில் வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு, சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குக்கு, மீதி நமக்குப் பணம் வசூலித்துத் தரும் அக்வயரருக்கு. பேரம் பேசினால் குறைவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பங்குதான்.

அப்புறம், 'அப்ரூவ்டு' என்று சீட்டு வந்ததுமே பணம் வந்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. அது வெறும் ஆதரைசேஷன்; வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நம் கணக்கில் பணம் ஏறுவது அதன்பிறகு நடக்கும் செட்டில்மென்டில், அதாவது கணக்குத் தீர்க்கும்போதுதான். தொகையைத் தப்பாக அடித்துவிட்டால் அன்றைய பேட்ச், அதாவது மிஷினில் சேர்ந்த விற்பனைகளின் தொகுப்பு, மூடுவதற்குள் வாய்டு செய்துவிடுங்கள், அந்த விற்பனையே ரத்தாகிவிடும்; மூடிய பிறகு என்றால் ரீஃபண்டுதான், அதில் முதலில் பிடித்த கட்டணம் பல ஒப்பந்தங்களில் திரும்ப வராது.

சார்ஜ்பேக், அதாவது விற்ற பணத்தை வங்கி வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்வது, தனிக் கதை. வாடிக்கையாளர் நேரே தன் வங்கியிடம் புகார் கொடுப்பார், விற்ற பணமும் போய், அதற்கென்று அபராதம் மாதிரி ஒரு கட்டணமும் பெரும்பாலும் பிடிப்பார்கள், சீட்டோ டெலிவரி ரசீதோ கையில் இல்லையென்றால் எதை வைத்து வாதாடுவது? இதையெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்காமல் முதல் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லி உங்கள் வணிகப் பகுதியில் எழுதுங்களேன்.

— ஒரு சில்லறை வியாபாரி