சுங்கை சிப்புட் மக்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கைக்குழந்தையிலேயே இதய நோயோடு போராடிய எங்கள் மகனுக்கு இந்த மாதம் இரண்டு வயது நிறைகிறது. வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. எழுத்தில் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி கிளினிக் தாதி மிஸ்ஸிக்கு. இரண்டு மாதத் தடுப்பூசிக்குத்தான் பிள்ளையைத் தூக்கிப் போனோம். பால் குடிக்க மாட்டேன் என்கிறான், நெற்றி வியர்க்கிறது என்று நான் சொன்னதும் ஊசியைத் தள்ளி வைத்துவிட்டு நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எண்ணிப் பிடிக்க முடியாத வேகத்தில் இதயத் துடிப்பு. டாக்டரை அழைத்ததோடு நிற்காமல் ஆம்புலன்சிலும் கூடவே ஏறினார். ஈப்போ மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது மானிட்டரில் நிமிடத்துக்கு 260. அந்த வயதில் 150க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய துடிப்பு.

அவசரப் பிரிவில் முதலில் முகத்தில் ஐஸ் பை வைத்துப் பார்த்தார்கள், இறங்கவில்லை. அடுத்து, ஓடும் துடிப்பை ஒரு கணம் நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவரும் அடினோசின் ஊசி. போடுவதற்கு முன் ஓர் இளம் டாக்டர் என்னிடம் வந்து, "கொஞ்ச நேரம் கோடு நேராகப் போகும்மா, பயப்படாதீங்க, திரும்பி வரும்" என்றார். அப்படியே போனது, அப்படியே திரும்பியது. 140. அந்த ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரம் இருந்ததே, அதை நான் மறக்க மாட்டேன்.

பிறகு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் மூன்று கட்டிகள். செய்தி தோட்டத்துக்கு வந்ததும் புற்றுநோய் என்றே எல்லாரும் அழுதீர்கள். கோலாலம்பூரில் உள்ள தேசிய இதய மருத்துவமனையான ஐ.ஜே.என். டாக்டர்தான் எங்களை உட்கார வைத்து விளக்கினார். ரப்டோமயோமா என்று பெயர். குழந்தைகளின் இதயத்தில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம்; புற்று அல்ல. கருவிலேயே உருவாகி, பிறந்த பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கும். ரத்த ஓட்டத்தை அடைத்தாலோ, மருந்துக்குத் துடிப்பு அடங்காவிட்டாலோதான் அறுவை சிகிச்சை. இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதையில் கட்டி குறுக்கிட்டதால்தான் துடிப்பு அப்படி ஓடியது. "வெட்ட வேண்டாம், மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று அவர் சொன்னதற்கும் சேர்த்தே நன்றி.

முதுகில் இருந்த வெள்ளைத் திட்டுகளை அறையை இருட்டாக்கி விளக்கடித்துப் பார்த்தவரும் அவரே. இந்தத் திட்டுகளுக்கும் இதயக் கட்டிகளுக்கும் காரணம் டியூபரஸ் ஸ்கெலரோசிஸ் என்ற மரபணுக் கோளாறு. வலிப்பு வரலாம் என்பதால் மூளை, சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள். யார் வழி வந்தது என்று பேச்சு எழுந்தபோது, மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு இது பெற்றோரிடமிருந்து வருவதே இல்லை, புதிதாக ஏற்படுகிறது என்று என் மாமியார் முன்னாலேயே சொன்னார். அன்றிலிருந்து அத்தைதான் பிள்ளையை மடியை விட்டு இறக்குவதில்லை.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பாட்டிக்கு எப்படி நன்றி சொல்வேன்! நான் வேலைக்குத் திரும்பியதும் மத்தியான மருந்து அவர் பொறுப்பு. துடிப்பை அடக்கும் புரோப்ரனோலால் மாத்திரையைக் கரைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுக்க வேண்டும். பாட்டிக்கு எண் படிக்க வராது. அளவு வரும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டுக்கொண்டார். வெறும் வயிற்றில் கொடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பால் குடிக்காத நாளில் மருந்தையும் கொடுக்காமல் எனக்குப் போன் அடித்தார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று டாக்டரே வியந்தார்.

விடியுமுன் வேனை எடுத்த அண்ணனுக்கும், எண்ணெய்க் காசு வாங்க மறுத்த மளிகைக்கடை முதலாளி தவுக்கேவுக்கும், பொட்டலம் கட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு மலாய் அம்மா மக்சிக்குக்கும், உண்டியல் வைத்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் நன்றி.

போன எக்கோவில் இரண்டு கட்டிகள் கண்ணுக்கே படவில்லை, பெரியது பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. துடிப்பு மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். வலிப்புக்கான கண்காணிப்பு மட்டும் தொடரும்.

தோட்டத்தில் யார் பிள்ளைக்காவது இப்படி ஏதும் என்றால் எந்நேரமும் எங்கள் கதவைத் தட்டுங்கள். ஐ.ஜே.என்.னுக்கு நான் கூட வருகிறேன்.

நன்றியுடன்,
பிள்ளையின் அம்மாவும் அப்பாவும்