'ஷியா – சன்னி பகை' என்ற ஒரு வரியை நீக்குங்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகளின் உலகச் செய்திப் பிரிவு ஆசிரியர்களுக்கு வணக்கம்.

லெபனான், இராக், ஏமன் பற்றி ஏஜென்சி செய்தி வந்தால் அதன் அடியில் "1,400 ஆண்டு ஷியா – சன்னி பகை" என்று ஒரு வரி ஒட்டிக்கொள்கிறது. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். 632இல் நபிகளின் மறைவுக்குப் பின் எழுந்த தலைமைப் பூசலும், 680இல் நபிகளின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவில் (இன்றைய இராக்) சிந்திய இரத்தமும் உண்மை. மக்கள் மனதில் அவற்றுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் லெபனான் தலைநகர் பெய்ரூத்தில் மாதக்கணக்கில் அமைச்சரவை அமையாமல் இழுபடுவதற்கான காரணத்தை அங்கே தேடினால் கிடைக்காது. கடந்த நூறு ஆண்டுகளின் சட்டங்களிலும் பதிவேடுகளிலும் தேட வேண்டும்.

லெபனானில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 1932இல், பிரெஞ்சு ஆட்சியின்போது. கிறிஸ்தவர்கள் பாதிக்குச் சற்று அதிகம் என்று அது சொன்னது. வெளிநாடு போய்விட்டவர்களை அதில் எப்படிச் சேர்த்தார்கள் என்பதில் இன்றும் சர்ச்சை தீரவில்லை. 1943இல் எழுத்தில் இல்லாத ஓர் உடன்பாடு வந்தது: குடியரசுத் தலைவர் மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா. நாடாளுமன்ற இடங்கள் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம் என்ற விகிதத்தில் பிரிந்தன. 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போரை முடிக்க 1989இல் சவூதியின் தாயிஃப் நகரில் எட்டிய ஒப்பந்தம் அதைச் சரிபாதியாக்கியது. இன்றுள்ள 128 இடங்களில் மாரோனைட் 34, சன்னி 27, ஷியா 27, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் 14, இஸ்லாத்திலிருந்து கிளைத்த துருஸ் பிரிவு 8 என்று, சிறு பிரிவான அலவி 2 வரை எல்லாம் முன்கூட்டியே பங்கு போட்டவை. சமயப் பங்கீட்டை ஒழிக்க ஒரு தேசியக் குழு அமைக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 95ஆவது பிரிவே சொல்கிறது. ஒழிந்தபாடில்லை.

இங்கேதான் செய்திகளில் பெரிய பிழை நுழைகிறது. "ஷியாக்கள் ஷியா உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று எழுதுகிறோம். இடம்தான் ஒரு சமயப் பிரிவுக்கு உரியது, வாக்கு அப்படியல்ல. தொகுதியில் உள்ள எல்லாச் சமயத்தவரும் ஒரே பெட்டியில்தான் வாக்களிக்கிறார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாக்காளர் ஒரு பட்டியலைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள ஒருவருக்கு மட்டும் விருப்ப வாக்குத் தரலாம். பட்டியல் பெற்ற வாக்கு விகிதப்படி முதலில் இடங்கள் பிரியும். பிறகு விருப்ப வாக்கு வரிசைப்படி ஆட்களை நிரப்புவார்கள். ஒரு சமயத்தின் இடம் நிரம்பிவிட்டால், அச்சமயத்தைச் சேர்ந்த அடுத்தவர் எத்தனை வாக்கு வாங்கியிருந்தாலும் வெளியேதான். 2018இல் ஸஹ்லே தொகுதியின் ஆர்மீனிய ஆர்த்தடாக்ஸ் இடத்தில் நூறு விருப்ப வாக்குகூடப் பெறாதவர் வென்றது இப்படித்தான்.

இன்னொன்று, வாக்குரிமை குடியிருக்கும் தெருவில் இல்லை, குடும்பப் பதிவேடு இருக்கும் பூர்வீக ஊரில் இருக்கிறது. பெய்ரூத்திலேயே பிறந்து வளர்ந்தவரும் தெற்கே தாத்தாவின் கிராமத்துக்குப் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். தன் தெருவில் குப்பை அள்ளாத நகராட்சியை அவரால் வாக்கால் தண்டிக்க முடியாது. திருமணமும் அந்தந்தச் சமயச் சட்டத்தின் கீழ்தான் வரும். பதிவுத் திருமணம் வேண்டுவோர் சைப்ரஸுக்குப் போய் முடித்துக்கொண்டு வருகிறார்கள். அதை லெபனான் அரசு பதிவுசெய்துகொள்கிறது. ஆளைச் சமயத்தோடு கட்டிவைப்பது இந்த ஏற்பாடுகள்தாம்.

இராக்கில் இது இன்னும் புதியது. அமெரிக்கப் படையெடுப்புக்குப் பின் 2003இல் அமைத்த 25 பேர் ஆட்சி மன்றத்தில் ஷியா 13, சன்னி அரபு 5, குர்து 5, துர்க்மேன் 1, அசீரியர் 1 என்று பிரித்தார்கள். குடியரசுத் தலைவர் குர்து, பிரதமர் ஷியா, சபாநாயகர் சன்னி என்பது அதன்பின் வந்த வழக்கம். 2005 அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. 2019 அக்டோபரில் இந்தப் பங்கீட்டுக்கு எதிராக பக்தாத், நாசிரியா, பஸ்ரா தெருக்களில் இறங்கி உயிர்விட்டவர்களில் பெரும்பாலோர் ஷியா இளைஞர்கள். ஆட்சியில் இருந்ததும் ஷியா கட்சிகளே. 'பகை' வரி இதை எப்படி விளக்கும்?

ஏமனில் கதை தலைகீழ். 1962இல் சைதி என்ற ஷியா கிளையைச் சேர்ந்த இமாமின் ஆட்சியைப் படை அதிகாரிகள் கவிழ்த்தபோது, இமாமுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது சன்னி நாடான சவூதி அரேபியா. குடியரசுத் தரப்புக்குப் படை அனுப்பியது அதிபர் நாசரின் எகிப்து. ஏமனின் சைதி ஆயுத இயக்கமான ஹூதிகளை ஈரானியரின் அதே ஷியா மரபில் சேர்ப்பதும் தவறு. ஈரானியர் பன்னிரண்டு இமாம்களை ஏற்கும் மரபினர், சைதிகள் வேறு. ஈரான் அரபு நாடும் அல்ல.

சமயத்தைக் குறிப்பிடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. குறிப்பிடும்போது கூடவே இரண்டு தகவல் தாருங்கள்: அந்தப் பதவி எந்தச் சட்டத்தாலோ வழக்கத்தாலோ அவருக்குப் போகிறது, அந்த விதி எந்த ஆண்டில் வந்தது. லெபனானின் சமய வாரிச் சதவீதத்தை அச்சிட்டால் பக்கத்திலேயே 'மதிப்பீடு' என்று போடுங்கள். பெட்டிச் செய்திக்கு இடமில்லாத நாளில் அந்தக் கடைசி வரியை வெட்டினாலே போதும்.

அன்புடன்,
மேற்காசிய அரசியலைத் தொடர்ந்து வாசிக்கும் தமிழ் வாசகர்கள்